பருவமடையாத மன்னர்களும் இப்னுல் கதீபின் வழக்கும்

பதினைந்து வயதில் மீலாத் விழாப் பேச்சுப் போட்டியொன்றில் எனக்கு முதலாமிடம் கிடைத்தது. தலைப்பு 'அந்தலுஸின் வீழ்ச்சி'. பேச்சை எழுதித் தந்தவர் வாப்பா. 1492 ஜனவரி 2ஆம் திகதி கிரனாடாவை ஒப்படைத்துவிட்டு மலைப்பாதையில் போகும் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் திரும்பிப் பார்த்து அழுகிறார். ஆம்பிளையாக நின்று காக்காத ஊருக்காகவா இப்போது பெண்ணைப் போல அழுகிறாய் என்ற தோரணையில் உம்மா அவரைக் கடிந்துகொள்கிறார். அந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்று வாப்பா சொல்லியிருந்தார். உடைத்தேன். முன்வரிசையில் இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்ததை மேடையிலிருந்தே கண்டேன்.

இந்தக் காட்சி எங்கட பேச்சுகளிலும் கட்டுரைகளிலும் எத்தனை தடவை வந்துவிட்டது என்பது வாசகர்களுக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று நான் தேடிப் பார்த்தது நாற்பது வயதுக்குப் பிறகுதான். சமகால அரபு விவரணங்களில் அது இல்லை. 16ஆம் நூற்றாண்டில் அந்தோனியோ டி குவேரா என்ற ஸ்பானிய ஆயர் தம் கடிதத் தொகுப்பொன்றில் எழுதிப் பரவவிட்ட கதை அது. கிரனாடா விழுந்தபோது அவர் சின்னப் பையன். அலங்காரத்துக்காகக் கதை புனைபவர் என்று ஸ்பானிய அறிஞர்களே அவரைக் குறை சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் கண்ணீர் விட்டது வென்றவர்களின் ஆயர் எழுதிய வசனத்துக்கு.

கதை பொய்யாய்ப் போனதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது எங்களை எதைப் பார்க்க விடாமல் செய்தது என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரு கோழை மகன், ஒரு வீரத்தாய், முடிந்தது கதை. ஆனால் நஸ்ர் வம்சத்தின் ஆட்சி கிரனாடாவில் ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் நடந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்கள் அரியணை ஏறினார்கள். 'இடதுகையர்' எனப்பட்ட ஒன்பதாம் முஹம்மத் 1419க்கும் 1453க்கும் இடையில் நான்கு தடவை ஏறினார். அப்படியானால் மூன்று தடவை இறக்கப்பட்டார். அடுத்தவர் யார், அதைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்விக்கு அந்த அரசு கடைசி நாள்வரை ஒரு நிலையான விடையைக் கண்டுபிடிக்கவில்லை. அபூ அப்தில்லாஹ்வே வாப்பாவுக்கு எதிராக எழுந்து 1482இல் ஆட்சிக்கு வந்தவர். பிறகு சிறிய தந்தை ஸகலோடு மல்லுக்கட்டியவர். சாவியைப் பற்றிப் பேசும் எங்கட கட்டுரைகள் இதைப் பேசுவதில்லை.

இதைப் பேசிய ஒரு நூலைப் பற்றித்தான் எழுத வந்தேன். லிஸானுத்தீன் இப்னுல் கதீபின் 'அஃமாலுல் அஃலாம்'. அதன் நீண்ட பெயரின் மிச்சப் பகுதியில் விஷயம் இருக்கிறது: இஸ்லாமிய மன்னர்களில் பருவமடைவதற்கு முன்பே பைஅத் செய்யப்பட்டவர்கள் பற்றியது என்று நூலே தன்னை அறிமுகம் செய்கிறது. இதன் அந்தலுஸ் பகுதியை லெவி புரோவன்சால் பதிப்பித்து 1934இல் றபாத்தில் வெளியிட்டார். 1956இல் பெய்ரூத்திலும் வந்தது. அந்தப் பெய்ரூத் பதிப்பின் நிழற்பிரதியொன்றை அகராதியோடும், பொறுமையுள்ள ஒரு மௌலவி நண்பரின் உதவியோடும் இரண்டு நோன்பு காலங்களில் வாசித்து முடித்தேன். என் அரபு அவ்வளவுதான். பிழை இருந்தால் அது என்னுடையது, மௌலவியுடையது அல்ல.

நூல் பிறந்த சூழலைச் சொல்ல வேண்டும். கிரனாடாவின் வஸீராக இருந்த இப்னுல் கதீப் 1371இல் தம் சுல்தான் ஐந்தாம் முஹம்மதை விட்டுக் கடல் கடந்து மரீன் வம்சத்தாரிடம் போய்விட்டார். அடுத்த ஆண்டே அவரை வரவேற்ற மரீன் சுல்தான் அப்துல் அஸீஸ் இறந்துபோனார். மகன் சின்னஞ்சிறு குழந்தை. அந்தக் குழந்தைக்குப் பைஅத் வாங்கிவிட்டு, வஸீர் இப்னு ஙாஸி ஃபெஸ் நகரிலிருந்து ஆட்சியை நடத்தினார். குழந்தைக்கா பைஅத் என்று கிரனாடாவிலிருந்து ஏளனம் வந்தது. ஏளனத்தில் நியாயமும் இருந்தது, ஏனென்றால் ஆட்சித் தலைவருக்குரிய நிபந்தனைகளில் பருவமடைந்திருத்தல் ஒன்று என்றுதான் ஃபிக்ஹ் நூல்கள் சொல்கின்றன. அப்போது தம் புரவலரின் பக்கத்தில் நின்று, இது புதுமை இல்லை, முன்பும் நடந்திருக்கிறது என்று காட்ட இப்னுல் கதீப் எடுத்த பேனாதான் இந்த நூல். ஆக இது ஒரு வழக்கறிஞரின் மனு.

மனு எழுதியவர் யார் என்று பாருங்கள். 1302 முதல் 1362 வரையான அறுபது ஆண்டுகளில் கிரனாடாவின் அரியணையில் ஏறியவர்கள் எட்டுப் பேர். ஒருவர்கூட அந்தக் காலத்துக்குள் பதவியில் இருந்தபடி நோயில் படுத்து இறக்கவில்லை. மூவர் இறக்கப்பட்டார்கள், ஐவர் கொல்லப்பட்டார்கள். இறக்கப்பட்ட மூவரில் மூன்றாம் முஹம்மதும் பிறகு கொல்லப்பட்டார். (மூன்றாம், ஐந்தாம் என்ற எண்கள் பிற்காலத்தவர் எங்கட வசதிக்காக இட்டவை.) 1313இல் லோஜாவில் பிறந்த இப்னுல் கதீப் இந்த எட்டுப் பேரில் கடைசி நால்வரின் காலத்தை வளர்ந்த மனிதராகக் கண்டவர். வாப்பாவையும் அண்ணனையும் 1340இல் தரீஃபா அருகே நடந்த போரில் பறிகொடுத்தவர். பிறகு அரண்மனைச் செயலகத்தில் எழுத்தராகி, வஸீராகி, ஒரு சுல்தானின் கொலையையும் இன்னொருவரின் வீழ்ச்சியையும் உள்ளே இருந்தே பார்த்தவர்.

திகதிகளைக் கவனித்தபோது எனக்கு ஒரு விஷயம் பட்டது. மூன்றாம் முஹம்மத் இறக்கப்பட்டது ஹிஜ்ரி 708 ஷவ்வால் 1, நோன்புப் பெருநாள் அன்று. கூட்டம் அவருடைய வஸீர் இப்னுல் ஹகீமைக் கொன்று வீட்டைச் சூறையாடியது. அவர் சேர்த்து வைத்த அரிய நூல்களும் போயின. முதலாம் யூஸுஃப் கொல்லப்பட்டது ஹிஜ்ரி 755 ஷவ்வால் 1. அதுவும் நோன்புப் பெருநாள். பெரிய பள்ளிவாசலில் பெருநாள் தொழுகையில் இருந்தபோது புத்தி பேதலித்த ஒருவன் குத்தினான். ஐந்தாம் முஹம்மத் விரட்டப்பட்டது ஹிஜ்ரி 760 ரமழான் 28 இரவு. மூன்றும் தற்செயலாக ஒத்துப்போனவையாக இருக்கலாம். ஆனால் ஊரே பள்ளியில் கூடும் நாளும், காவலர்கள் அசந்திருக்கும் ரமழானின் கடைசி இரவுகளும் சதிகாரனுக்கு வசதியானவை என்பதை மறுக்க முடியாது. மாதம் முழுக்க நோன்பிருந்து பிறையை எதிர்பார்த்திருந்த ஊருக்கு விடிந்ததும் வேறு சுல்தான்.

அந்த 1359ஆம் ஆண்டு இரவைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லலாம். யூஸுஃபுக்கு இரண்டு பெண்களிடம் பிள்ளைகள். மூத்தவர் முஹம்மத் ஆட்சியில் இருக்கிறார். இளையவர் இஸ்மாயீல், தாய் மர்யமோடு அல்ஹம்ரா வளாகத்திலேயே இன்னொரு மாளிகையில் காவலில் இருக்கிறார். யூஸுஃப் இறந்த அன்றே மர்யம் கருவூலத்திலிருந்து பெரும் செல்வத்தை எடுத்துவிட்டார் என்கிறார்கள். மகளைப் பார்க்கப் போகும் சாக்கில் மருமகனோடு சதி பேசினார். நூறு பேரளவில் மதிலேறி உள்ளே குதித்தார்கள். ஹாஜிப் ரித்வானை அவருடைய வீட்டாரின் கண் முன்னாலேயே கொன்றார்கள். சுல்தான் அந்நேரம் வெளியே ஜன்னத்துல் அரீஃப் தோட்டத்தில் இருந்ததால் தப்பினார். ஒரு குதிரையில் ஏறி வாதி ஆஷ் போய்ச் சேர்ந்தார். ஓர் ஆண்டு கழியுமுன் அந்த மருமகனே இஸ்மாயீலைக் கொன்று ஆறாம் முஹம்மத் ஆனார். 1362இல் அவரை ஸெவில்லியா அருகே காஸ்டில் மன்னர் பெத்ரோ கொன்றார். மூத்தவர் திரும்பி வந்தார்.

இதில் இப்னுல் கதீபின் சொத்துகள் பறிக்கப்பட்டன, சிறையும் கிடைத்தது. மரீன் சுல்தானின் பரிந்துரையில் விடுதலையாகி எஜமானரின் பின்னால் மொரோக்கோ போனார். இப்படிப்பட்ட ஒருவர்தான் பத்துப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, ஒரு குழந்தைக்குப் பைஅத் செய்வது சரிதான் என்று வாதாட உட்காருகிறார். வாதம் எப்படிப் போகிறது?

நூலின் இதயம் குர்துபாவின் இரண்டாம் ஹிஷாம். 976இல் கலீபா ஹகம் இறக்கும்போது ஹிஷாமுக்குப் பத்துப் பதினொரு வயது. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே மகனுக்குப் பைஅத் எடுக்கப்பட்டிருந்தது. ஆனால் வளர்ந்த ஒரு சிறிய தந்தை இருந்தார், முகீரா. அவர் பெயரில் ஒரு குழு எழும்பும் முன்பே, ஒரு பாவமும் அறியாத அந்த மனிதரை அவருடைய வீட்டிலேயே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அந்த வேலைக்குப் படையோடு அனுப்பப்பட்டவர் இப்னு அபீ ஆமிர், நாளைய மன்ஸூர். பிறகு நடந்தது தெரிந்ததுதான். கலீபா அரண்மனைக்குள், அதிகாரம் மன்ஸூரின் கையில். வெளியே தொடர்ந்த போர் வெற்றிகள். மன்ஸூர் 1002இல் இறந்தார். அவர் மகன் ஆறு ஆண்டுகள் சமாளித்தார். அடுத்த மகன் ஷன்ஜூல், நான் கலீபாவின் வாரிசு என்று ஹிஷாமிடமே எழுதி வாங்கினார். அந்த ஒரு கையெழுத்தில் 1009இல் குர்துபா வெடித்தது. 1031இல் கிலாபத்தே இல்லாமல் போனது.

இப்னுல் கதீப் இதையெல்லாம் மறைக்கவில்லை. இப்னு ஹய்யான் போன்ற முன்னோரிடமிருந்து எடுத்துத் தாராளமாகத் தருகிறார். ஹிஷாமுக்குச் செய்த பைஅத்தை உலமாக்கள் ஏற்றார்கள், ஆகவே ஃபெஸ் குழந்தைக்குச் செய்ததும் ஏற்கத்தக்கது என்பது அவருடைய முன்னுதாரணம். ஆனால் அந்த முன்னுதாரணத்தை அவர் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தவில்லை. வாதாட வந்த வழக்கறிஞருக்குள் இருந்த வரலாற்றாசிரியர் எழும்பி, அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா என்று தொடர்கிறார். பைஅத் செய்த கதையை விட அந்தப் பைஅத்தின் விலையைச் சொல்லும் பக்கங்களே கூடுதல். சிறுவர்களைப் பற்றிய நூலாகத் தொடங்கியது அந்தலுஸை ஆண்ட எல்லோரையும் பற்றிய நூலாகிவிடுகிறது. தன் கட்சிக்காரனுக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும் மனு இது. இந்தக் கோணலை நூலின் குறை என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு இதுதான் இதன் பெறுமதி.

அவருடைய ஊரிலேயே உதாரணம் இருந்தது. நான்காம் முஹம்மத் 1325இல் அரியணை ஏறும்போது பத்து வயது. வாப்பா முதலாம் இஸ்மாயீலைச் சொந்த உறவினன் ஒருவன் அரண்மனையிலேயே குத்திக் கொன்றதால் வந்த அரியணை. ஆட்சியைத் தன் கையில் வைத்திருந்த வஸீர் இப்னுல் மஹ்ரூக்கைச் சில ஆண்டுகளில் அந்தப் பையனே கொல்லச் செய்தான். 1333இல் ஜிப்ரால்டரில் காஸ்டில் படையின் முற்றுகை விலகி ஊர் திரும்பும் வழியில் அவனையும் சொந்தப் படைத்தலைவர்கள் கொன்றார்கள். வயது பதினெட்டு.

இங்கே ஒரு ஆட்சேபணையை நானே எழுப்ப வேண்டும். குழந்தை மன்னர் என்பது முஸ்லிம் அரசுகளின் நோயா? இல்லை. காஸ்டிலில் பதினோராம் அல்ஃபோன்ஸோ 1312இல் மன்னராகும்போது ஒரு வயதுப் பிள்ளை. அவருக்காக ஆண்ட பாதுகாவலர்கள் இருவர் 1319இல் கிரனாடா சமவெளியில் முதலாம் இஸ்மாயீலின் படையிடம் தோற்று ஒரே நாளில் செத்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்துதான் 1340இல் இப்னுல் கதீபின் வாப்பா மாண்ட போரை வென்றது. அங்கேயும் இரத்தம் இல்லாமல் இல்லை. அவர் மகன் பெத்ரோவை 1369இல் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் என்ரிக்கே தன் கையாலேயே கொன்றார். ஆனாலும் அல்ஃபோன்ஸோவின் பால்யத்தில் பெரியவர்கள் சண்டை பிடித்தது யார் பாதுகாவலர் என்பதில். மன்னர் யார் என்பதில் அல்ல. கிரனாடாவில் அரச இரத்தமுள்ள ஒவ்வொரு ஆணும் அடுத்த சுல்தானாகலாம். ஆகவே ஒவ்வொருவரும் ஆபத்து.

சுவையான விஷயம், இப்னுல் கதீபுக்கு இந்த ஒப்பீடு தெரிந்திருந்தது. தூதராகக் கிரனாடா வந்த தொலேதோ யூத வைத்தியர் யூஸுஃப் இப்னு வக்காரிடம் கேட்டு, காஸ்டில், அரகோன், போர்த்துக்கல் மன்னர்களின் சுருக்க வரலாறொன்றையும் இந்த நூலில் சேர்த்திருக்கிறார். எதிரியின் அரச பரம்பரையை எதிரியின் ஊரவரிடமே கேட்டு எழுதிய அக்கறை அது. கேட்டு எழுதியவர் அதிலிருந்து பாடம் எடுத்தாரா என்றால், அந்தப் பக்கங்களில் எனக்கு அது தென்படவில்லை. தகவல் அருகருகே கிடக்கிறது, ஒப்பீட்டை அவர் செய்யவில்லை.

அவரை நான் புனிதராக்க வரவில்லை. கிரனாடாவில் இருந்தபோது எழுதிய 'அல்-இஹாதா'வில் தம் மாணவர் இப்னு ஸம்ரக்கையும் காழி நுபாஹியையும் புகழ்ந்தவர், நாடு விட்டுப் போன பின் எழுதிய 'அல்-கதீபத்துல் காமினா'வில் அதே இருவரையும் கிழித்துத் தொங்கவிடுகிறார். மனிதர்கள் மாறியிருக்கலாம், அவர்கள் இவருக்குச் செய்ததும் சின்னதல்ல. ஆனால் வாசிக்கிறவனுக்கு ஒன்று விளங்குகிறது: யாருடைய நிழலில் உட்கார்ந்து எழுதுகிறாரோ அதற்கேற்ப இவரின் தீர்ப்பு திரும்பும். அரியணை ஆடும் நாட்டில் எழுத்தும் ஆடும். ஆகவே இவரின் புகழ்ச்சியையும் வசையையும் தள்ளிவைத்து, யார் யாரைத் தொடர்ந்தார், எந்த நாளில், யார் கையால் என்ற விவரங்களை எடுத்துக்கொள்வதே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் பதினைந்து வயதுப் பேச்சில் பெரிய அநியாயம் அங்கேதான் நடந்தது. 1314இல் முதலாம் இஸ்மாயீல் தம் மாமன் நஸ்ரை இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தபோது அவருடைய உரிமையின் பலம் தாய்வழியில் இருந்தது. தாய் ஃபாத்திமா, இரண்டாம் முஹம்மதின் மகள். அதற்குப் பிறகு வந்த சுல்தான்களில் பெரும்பாலோர் அவருடைய வழியில் வந்தவர்கள். மகனை ஏற்றிவிட்டார், மகன் கொல்லப்பட்டதும் பத்து வயதுப் பேரனைத் தாங்கினார், அவனும் போனதும் பதினைந்து வயதான அடுத்த பேரன் யூஸுஃபைத் தாங்கினார். 1349இல், தொண்ணூறு வயதளவில் இறந்தார். இப்னுல் கதீப் அவருக்கு இரங்கற்பா எழுதினார். இந்தப் பெண்ணைப் பற்றி நான் எந்த மேடையிலும் கேட்டதில்லை. மதிலேற ஆட்களுக்குப் பணம் தேடிய மர்யமைப் பற்றியும் கேட்டதில்லை. அபூ அப்தில்லாஹ்வின் தாய்கூட உண்மையில் கணவரின் இன்னொரு மனைவி துரையாவின் பிள்ளைகளை முந்தித் தன் மகனை அரியணையில் ஏற்றக் களமிறங்கியவர். ஆயரின் கதையில் அவருக்கு மிஞ்சியது ஒரு வசனம் மட்டும். அதைத்தான் நான் குரல் உடைத்துச் சொன்னேன்.

வாப்பாவிடம் இதையெல்லாம் சொல்ல முடிந்திருந்தால் நல்லது. அவர் மௌத்தாகிப் பல வருடம். அந்தப் பேச்சின் கையெழுத்துப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. குரல் உடைய வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறார்.

நூலின் முடிவைச் சொல்லி நிறுத்துகிறேன். 1374இல் கிரனாடாவின் உதவியோடு வேறொரு மரீன் இளவரசர் ஃபெஸ்ஸைப் பிடித்தார். குழந்தை சுல்தான் இறக்கப்பட்டது. அதற்காக வாதாடியவர் சிறையில். மதநிந்தைக் குற்றம் சாட்டி விசாரித்தார்கள். விசாரணைக்குக் கிரனாடாவிலிருந்து வந்த தூதர் இப்னு ஸம்ரக், அதே பழைய மாணவர். தீர்ப்புக்குக் காத்திராமல் இரவில் சிறைக்குள் புகுந்து கழுத்தை நெரித்தார்கள். அடக்கிய கப்ரையும் மறுநாள் தோண்டி உடலுக்குத் தீ வைத்தார்கள் என்று இப்னு கல்தூன் எழுதுகிறார். 'அஃமாலுல் அஃலாம்' மூன்றாம் பகுதி நிறைவுறாமலே நின்றுவிட்டது.

இப்னு ஸம்ரக் ஆசானின் பதவியில் இருந்தார். அவருடைய கவிதைகள் அல்ஹம்ராவில் சிங்க முற்றத்து நீரூற்றில் இன்றும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. 1393 அளவில் ஏழாம் முஹம்மதின் ஆட்களால் அவரும் இரவில் தம் வீட்டிலேயே, பிள்ளைகளோடு சேர்த்துக் கொல்லப்பட்டார். அந்த ஏழாம் முஹம்மத், தம் மூத்த சகோதரர் யூஸுஃபை ஓரங்கட்டி ஷலூபானியா கோட்டையில் அடைத்துவிட்டு அரியணை ஏறியவர். 1408இல் அவர் இறந்ததும் யூஸுஃப் சிறையிலிருந்து வந்து மூன்றாம் யூஸுஃப் ஆனார். அவரும் கவிஞர். சிதறிக் கிடந்த இப்னு ஸம்ரக்கின் கவிதைகளைத் தேடித் தொகுத்தவர் அவர்தான்.